கறையில்லாத கை கொடுத்த நூல்

இதை மட்டும் எழுதவே கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். பேனாவை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், சுவரில் இருக்கும் எங்கள் கோயில் ஆத்தா படத்தைப் பார்ப்பேன், தாளைக் கசக்கி அடுப்பில் போட்டுவிடுவேன். பல வருஷம் இப்படியே போய்விட்டது.

பயம் என்று சொல்ல மாட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். தோட்டத்துப் பொம்பளை பேய்க்கதை சொல்கிறாள் என்று படிக்கிறவர்கள் சிரிப்பார்களே என்ற கூச்சம்தான். அதோடு, இதில் வரும் கைக்குழந்தை இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்தவளாக இருக்கிறாள். அவளைக் கேட்காமல் எப்படி எழுதுவது? போன மாதம் அவளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். "எழுதிப்புடுங்க பெரியம்மா. நீங்களும் கண்ண மூடிட்டா அப்புறம் ஆளுக்கு ஒண்ணாச் சொல்லுவாங்க."

ஆத்தா துணை. எழுதுகிறேன்.

முறத்தில் வந்த நூல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கண்டிச் சீமையில் அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பனிமூட்டம் இறங்கினால் முதலில் எதிர்மலை மறையும். பிறகு கோயில். பிறகு தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை. கடைசியில் நம் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பின் தூணே கண்ணுக்குத் தெரியாது. அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. பட்டப்பகலில் லாம்பு ஏற்றலாமா என்று யோசித்துக்கொண்டு நான் அடுப்படியில் இருந்தேன்.

வாசலில் பாக்கியம் வந்து நின்றாள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எனக்கு இரண்டு காம்பரா தள்ளிக் குடியிருந்தவள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள், என்னோடு ஒரே மலையில் கொழுந்து எடுப்பவள். அப்போது நிறைமாதம். இரண்டு கையாலும் ஒரு முறத்தை நீட்டிப் பிடித்திருந்தாள். முறம் நிறையக் கம்பளி நூல். சிவப்பு, பச்சை, நீலம், மண் நிறம் என்று சின்னச் சின்ன உருண்டைகள்.

முறைக்காகக் குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது. நான் முறத்தை வாங்கிக்கொண்ட பிறகுதான் நிமிர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"முடிஞ்சிச்சு அக்கா. எல்லா வாசலும் ஏறிட்டேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "காலு ஏன் இப்படி விறைக்குதுன்னு தெரியல" என்றாள்.

அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி கொடுத்தேன். அவள் பாதம் இரண்டும் பீலித் தண்ணீரில் நின்றவள் பாதம் மாதிரிக் குளிர்ந்து கிடந்தன.

பிச்சை எடுத்த பிள்ளை

பாக்கியத்துக்கு அதற்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை. மூன்றும் பல் முளைக்கும் முன்பே போய்விட்டன. குளிர் காலத்து இருமல் ஒன்றைக் கொண்டுபோனது. மற்ற இரண்டுக்கும் என்ன என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயாவுக்கே தெரியவில்லை.

இப்படிப் பிள்ளை தங்காத வீட்டில் எங்கள் சனம் ஒரு காரியம் செய்யும். பிறக்கப்போகிற பிள்ளையை நம் பிள்ளை இல்லை என்று ஆக்கிவிடுவது. பிறந்ததும் குப்பைமேட்டில் கிடத்துவார்கள். வேறொருத்தி வந்து ஒரு பிடி தவிட்டைக் கொடுத்து அதை வாங்கிக்கொள்வாள். பிச்சை, குப்பை என்று பெயர் வைப்பார்கள். புதுத்துணி போடமாட்டார்கள். பெற்றவள் வீடு வீடாக வாங்கிய பழந்துணியைத்தான் போடுவார்கள். பிள்ளையைக் கொண்டுபோகத் தேடி வரும் அது பார்த்துவிட்டு, இது எந்த வீட்டுப் பிள்ளை என்று புரியாமல் திரும்பிவிடுமாம்.

'அது' என்றுதான் சொல்வோம். பெயர் சொல்லமாட்டோம்.

இந்தியாவில் எங்கள் பெரியவர்கள் ஊரில் துணிதான் கேட்பார்களாம். இங்கே குளிர். ஆகையால் எங்கள் லயத்தில் கம்பளி நூல் கேட்டுப் பிள்ளைக்குப் போர்வை பின்னும் வழக்கம் வந்திருந்தது. கிழிந்த சுவெட்டரோ பிள்ளைக் குல்லாவோ இருக்கும் வீட்டில் அதைப் பிரித்து நூலாகக் கொடுப்பார்கள். ஒன்றும் இல்லாத வீட்டில் கொழுந்துக்குப் போகும்போது போர்த்தும் கம்பளியின் ஓரத்தை உருவிக் கொடுப்பார்கள்.

வாங்கப் போகிறவள் பேசக் கூடாது. கொடுக்கிறவளும் பேசக் கூடாது. முக்கியமாக, கொடுப்பவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே கூடாது. முறத்தில் வந்து விழும் கையை மட்டும் பார்க்கலாம். பிள்ளை ஒரு வயது தாண்டியதும் போர்வையைப் பிரித்து அந்தந்த நூலை அந்தந்த வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ள வேண்டும்.

மீனாட்சி என்று கங்காணியின் பெண்சாதி. வாய்த் துடுக்கு உள்ளவள். புருஷன் தூங்கும்போது அவருடைய சிவப்பு மப்ளரில் பாதியைப் பிரித்துக் கொடுத்துவிட்டாள். மறுநாள் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணி மப்ளரைக் கழுத்தில் சுற்றப் பார்த்தார், ஒரு சுற்றுக்குமேல் எட்டவில்லை. "மாமாவுக்கு ராத்திரியோட ராத்திரியாக் கழுத்து பெருத்துப்போச்சு" என்று பெண்கள் எல்லாம் கூடைக்குள் முகத்தை வைத்துச் சிரித்தார்கள்.

பங்களாவில் படித்தது

எனக்கு இந்தப் பின்னல் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

கல்யாணத்துக்கு முன் நான் பங்களாவில் ஆயாவாக இருந்தேன். வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். எங்கள் துரைசாணிக்கு மழைநாளில் வேறு பொழுதுபோக்கு இல்லை. கண்ணாடி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கொக்கி ஊசியால் போர்வை பின்னுவார். குரோஷே என்பார் அவர். கொக்கிப் பின்னல் என்போம் நாங்கள்.

அந்தப் போர்வையில் நிறம் ஓடும். அடியில் கரும்பச்சை இருக்கும், மேலே போகப்போக இளம்பச்சை, மஞ்சள், கடைசியில் வெள்ளை. எந்த இடத்தில் பச்சை முடிந்து மஞ்சள் தொடங்கியது என்று விரலை வைத்துக் காட்ட முடியாது. காலையில் வானம் வெளுப்பதைப் பார்க்கிறோமே, அந்த மாதிரி.

சூட்சுமம் சின்னதுதான். மூன்று நூலைச் சேர்த்துப் பிடித்து ஒரே நூலாகப் பின்ன வேண்டும். முதலில் மூன்றும் பச்சை. சில வரி போனதும் ஒரு பச்சையை விட்டு ஒரு மஞ்சள் சேர்ப்பது. பிறகு இன்னொன்று. பிறகு மூன்றும் மஞ்சள். "மெள்ள, தெய்வானை, மெள்ள. மாறுறது யாருக்கும் தெரிய வேணாம்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்வார். ஊருக்குப் போகும்போது ஒரு கொக்கி ஊசியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷி.

பாக்கியத்துக்குக் கட்டம் கட்டமாகத்தான் பின்னித் தருவதாக இருந்தேன். வீட்டுக்கு ஒரு கட்டம். அதுதான் சுலபம். அவள்தான் வேண்டாம் என்றாள்.

"கட்டம் போட்டா இது இன்னார் வீடு, இது இன்னார் வீடுன்னு அது எண்ணிப்புடும் அக்கா. பங்களாப் போர்வை மாதிரி ஓடவிடுங்க. எங்க தொடங்குது எங்க முடியுதுன்னு அதுக்குத் தெரியக் கூடாது."

அவள் சொன்னது எனக்குச் சரியென்று பட்டது.

தீராத நூல்

வேலை முடிந்து வந்து, சோறாக்கி இறக்கிவிட்டு, இருக்கிற வெளிச்சத்தில் பின்னுவேன். ஊசியை எடுக்கும் முன் ஆத்தாளைக் கும்பிட்டுக்கொள்வேன்.

கஷ்டமான வேலை. துரைசாணிக்குக் கண்டியிலிருந்து வேண்டிய நிறம் வரும். எனக்கு வந்தது முறத்தில் விழுந்தது மட்டும். பச்சைக்குப் பக்கத்தில் கங்காணியின் சிவப்பை வைத்தால் சண்டை போடும். நீலத்துக்குக் கம்பளியின் மண் நிறம் ஒத்துவராது.

அதற்குள் ஒரு உருண்டை இருந்தது. எலுமிச்சம்பழம் அளவு. சாம்பல் என்று சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். சிவப்போடு பிடித்தால் லேசாகச் சிவந்து தெரியும். பச்சையோடு பிடித்தால் பசுமையாகத் தெரியும். எந்த இரண்டு நிறம் ஒத்துவராவிட்டாலும் நடுவில் இதை ஒரு இழை சேர்த்தால் போதும், இரண்டும் சமாதானமாகி ஒன்றுக்குள் ஒன்று ஓடிவிடும். ஆகையால் போர்வை முழுக்க அங்கங்கே அதுதான் ஓடியது.

பின்னும்போது ஒன்றும் தோன்றவில்லை. கடைசி வரி முடிந்து பார்க்கிறேன், அந்த உருண்டையில் இன்னும் ஒரு நெல்லிக்காய் அளவு மிச்சம் இருந்தது. மற்ற நூல் எல்லாம் தீர்ந்துவிட்டது.

நல்ல கம்பளி, மெல்லியது, அதனால்தான் நீண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

யார் வீட்டு நூல்?

பிள்ளை பிறந்தது. பெண். குப்பைமேட்டில் கிடத்தினார்கள். ஒரு பிடி தவிட்டைக் கொடுத்து நான்தான் வாங்கினேன். பிச்சாயி என்று பெயர் வைத்தோம். அந்த முறையில்தான் இன்றைக்கும் நான் அவளுக்குப் பெரியம்மா.

பெயர் வைத்த அன்று லயத்துப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். போர்வையை விரித்ததும் ஒரே கலகலப்பு. அவரவர் வீட்டு நிறத்தைத் தேடினார்கள். இந்தா எங்க பச்சை, இந்தா எங்க பெரியவன் போட்ட நீலம் என்று தொட்டுத் தொட்டுக் காட்டினார்கள். சிவப்பைக் காட்டி, "இதான் எங்க வீட்டுக்காரர் கழுத்து" என்றாள் மீனாட்சி.

பிறகு அவளே கேட்டாள், நடுவில் சாம்பலாக ஓடுகிறதே, அது யார் வீட்டு நூல் என்று.

எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். நான் கொடுத்தது மஞ்சள். என்னுடையது இல்லை. ஒருத்தி பேரைச் சொல்லிக் கேட்டோம், இல்லை என்றாள். இன்னொருத்தி, அவளும் இல்லை. ஒரு வீடு விடாமல் கேட்டு முடித்தோம். ஒவ்வொரு வீட்டு நிறமும் போர்வையில் இருந்தது. இந்த ஒன்றுக்கு மட்டும் வீடு இல்லை.

பாக்கியம் மடியிலிருந்த பிள்ளையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்கு அந்தக் கை நினைவிருக்கு. கடைசியா வாங்கினது. கையில கறையே இல்ல."

கொழுந்து எடுப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் விரல்களில் தேயிலைக் கறை ஏறியிருக்கும். தேய்த்தாலும் போகாது, கல்யாணத்துக்கு மருதாணி வைத்தாலும் மறையாது. எங்கள் லயத்தில் கறையில்லாத கை என்று ஒன்று கிடையாது. சின்னப் பிள்ளைகள் கை இருக்கும். ஆனால் பாக்கியம் பார்த்தது சின்னக் கை இல்லை.

எந்த வாசலில் என்று கேட்டேன். அவள் லயத்தின் கோடியைக் காட்டினாள். கடைசிக் காம்பராவையும் தாண்டி.

அங்கே வெறும் சுவர்தான். சுவர் முடிந்தால் மழைத்தண்ணீர் ஓடும் கான். கானுக்கு அப்பால் தேயிலை.

"ஒரு வாசப்படி இருந்துச்சு அக்கா. ஈரக் கல்லு. ஏறி நின்னுதான் வாங்கினேன். குனிஞ்சே போனேனா, லயம் முடிஞ்சது தெரியல."

ஒவ்வொருத்தியாக எழுந்து போய்விட்டார்கள். வெற்றிலைத் தட்டு அப்படியே இருந்தது.

பிரிக்க முடியாதது

பாக்கியத்தின் புருஷன் முத்தையா தேயிலை ஆலையான ஸ்டோருக்குப் போய் வேலை செய்கிறவர். அதிகம் பேசாத ஆள். விஷயம் கேள்விப்பட்டதும் போர்வையை எரித்துவிடச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றார். லயத்து வீடு எல்லாம் கொடுத்த நூலை எப்படி எரிப்பது? கொடுத்தவர்கள் பிள்ளை குட்டிக்காரர்கள். அது முறை இல்லை. அந்தச் சாம்பல் நூலை மட்டும் உருவித் தரச் சொன்னார்.

போர்வையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கட்டமாக இருந்திருந்தால் ஒரு கட்டத்தைக் கழற்றி எறிந்திருக்கலாம். இது முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மற்ற எல்லா நூலோடும் சேர்ந்து ஓடிவிட்டது. அதை எடுக்க வேண்டுமானால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும். ஒரு வயது ஆகும் முன் பிரித்தால் பிள்ளையைத் தூக்கி வெளியே வைத்த மாதிரி.

கோயில் பூசாரியைக் கேட்டோம். அவர் போர்வையைத் தொடவில்லை. கோயிலுக்குள் கொண்டுவராதீர்கள், வெளியேயும் போடாதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

பாக்கியம்தான் முடிவு செய்தாள். அவள் சொன்னதை அன்று கேட்டபடியே எழுதுகிறேன்.

"வாசல் வாசலாப் போயி கேட்டேன். அதோட வாசல்லயும் தெரியாமக் கேட்டுட்டேன். இல்லைன்னு சொல்லல. குடுத்துச்சு. குடுத்தவங்க எல்லாம் பிள்ளைக்குத் தாய் வீடுன்னா அதுவும் தாய் வீடுதான். தாய் வீடு பிள்ளைய என்னா செய்யும்?"

நான் திருநீற்றை எடுத்துப் பிள்ளைக்கும் வைத்தேன், எனக்கும் வைத்துக்கொண்டேன்.

குளிராத பிள்ளை

பிச்சாயி வளர்ந்தாள். அழவில்லை. நான் மிகைப்படுத்தவில்லை, பசித்தால் சிணுங்குவாள், அவ்வளவுதான். எங்கள் குளிரில் பச்சைப்பிள்ளைகள் உதடு நீலமாகிக் கிடக்கும். இவள் உடம்பு எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். போர்வைக்குள் கையை விட்டால், யாரோ அப்போதுதான் எழுந்துபோன படுக்கை மாதிரிச் சூடு இருக்கும்.

ஒருநாள் போர்வையைத் துவைத்து வீட்டுக்கு முன்னால் தேயிலைச் செடிமேல் உலர்த்தியிருந்தேன். பனிமூட்டம் இறங்கிவிட்டது. எடுக்கப் போனேன். சாம்பல் ஓடிய இடங்கள் மட்டும் பனியோடு பனியாகிக் கண்ணுக்குத் தெரியவில்லை. சிவப்பு தனியாக, பச்சை தனியாக, நீலம் தனியாக, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் அந்தரத்தில் நின்றன. போய்த் தொட்டேன். போர்வை முழுசாகத்தான் இருந்தது. கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

அந்த வருஷக் குளிரில் லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் இருமல் வந்தது. மீனாட்சியின் மகள் வயிற்றுப் பேரன் போய்விட்டான். எங்கள் எல்லார் மடியிலும் தவழ்ந்த பிள்ளை. பிச்சாயி ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

அதற்குப் பிறகு யாரும் பிச்சாயியைத் தூக்கவில்லை. யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. வேலைநேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்து ஆயா மற்றப் பிள்ளைகளை ஆட்டிவிட்டு இவள் தொட்டில் பக்கம் மட்டும் போகமாட்டாள். பீலிக்கரையில் பாக்கியம் பிள்ளையோடு வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்வார்கள். எல்லார் வாசலிலும் நூல் வாங்கிய பிள்ளைக்கு ஏறி நிற்க ஒரு வாசல் இல்லாமல் போனது. 'அது'வுக்கு வேண்டப்பட்ட பிள்ளை என்று பெயராகிவிட்டது.

பாக்கியத்துக்கு அதுதான் தாங்கவில்லை. ஒருநாள் மலையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு அழுதாள். "உசுரோட இருக்கா அக்கா. ஆனா என் பிள்ளையா இருக்காளான்னு தெரியலையே."

திருப்பிக் கொடுத்த நாள்

ஒரு வயது முடிந்தது. முறைப்படி போர்வையைப் பிரிக்க வேண்டும்.

இப்போது முத்தையா குறுக்கே நின்றார். எரிக்கச் சொன்ன அதே மனுஷன். மூன்று பிள்ளையைத் தன் கையால் புதைத்தவர், நாலாவது தன் காலைப் பிடித்து எழுந்து நிற்பதைப் பார்த்துவிட்டார். "மத்தவங்களுத எல்லாம் குடுத்துரு. அந்த ஒண்ண மட்டும் வச்சுக்குவோம். அது இருக்கிற மட்டும் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல" என்று அவளிடம் கெஞ்சினார். திருப்பிக் கொடுத்துவிட்டால் அதற்கும் நமக்கும் பந்தம் விட்டுப்போகும், பிறகு மற்றப் பிள்ளைகளைப் போல இவளும் அகப்படுவாள் என்பது அவர் பயம். அது நியாயமில்லாத பயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாக்கியம் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "அதோட நூல வச்சுக்கிட்டு அது மடியில வளக்கிறதா? எம் மடியில வளக்கணும். இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் நுனியை இழுக்க நான் சுற்றினேன். கொக்கிப் பின்னலில் ஒரு முடிச்சை அவிழ்த்தால் முழுவதும் வந்துவிடும். வரி வரியாகப் பிரிந்தது. மூன்று இழையும் தனித்தனியாகிச் சிவப்பு சிவப்போடும் பச்சை பச்சையோடும் போய்ச் சேர்ந்தன. போர்வை முழுக்க ஓடிய சாம்பல் நூலும், வைத்திருந்த மிச்சத்தோடு சேர்ந்து, ஒரு உருண்டையாக வந்தது. எலுமிச்சம்பழம் அளவு. முதலில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவே.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முறத்தை ஏந்தி, தலை குனிந்து பாக்கியம் புறப்பட்டாள். தவிடு கொடுத்து வாங்கியவள் கூடவே போக வேண்டும் என்பதால் நானும் பின்னால் போனேன். வீட்டுக்கு வீடு நின்றாள். அவரவர் தங்கள் நூலை எடுத்துக்கொண்டார்கள். எடுத்ததில் ஒரு சாண் பிய்த்து முறத்தில் திருப்பிப் போட்டார்கள். வாங்கியதை வெறுமனே வாங்கக் கூடாது, கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும். அதைப் பிள்ளை மணிக்கட்டில் கட்டுவது வழக்கம். பாக்கியம் அங்கங்கேயே கட்டினாள்.

லயத்தின் கோடிக்கு வரும்போது பனி இறங்கிவிட்டது. பகல்தான். ஆனால் சுவர் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. முறத்தில் அந்த ஒரு உருண்டை மட்டும் இருந்தது.

பாக்கியம் நிற்காமல் நடந்தாள். பிறகு ஒரு படி ஏறினாள். அவள் பாதம் கல்லில் படும் சத்தத்தைக் கேட்டேன்.

முறத்தை நீட்டினாள். நானும் தலை குனிந்து முறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை ஏதும் வரவில்லை. உருண்டை ஒருமுறை புரண்டது. நுனி எழும்பிப் பனிக்குள் போனது. உருண்டை மெல்லச் சுழல ஆரம்பித்தது.

காற்று என்று சொல்பவர்கள் சொல்லலாம். நூல் சுற்றிய கைகளுக்குத் தெரியும். விரலில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் நூல் ஒரு வெட்டு வெட்டி இழுபடும். இந்த நூல் அப்படித்தான் போனது. அவசரமில்லாமல், பழகிய கை ஒன்று எதிரில் நின்று சுற்றிக்கொள்வதைப் போல.

நாங்கள் இரண்டு பேரும் நிமிரவில்லை. முறை தெரியாத பிச்சாயி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு ஆளின் முகம் எவ்வளவு உயரத்தில் இருக்குமோ அவ்வளவு உயரத்தில் அவள் பார்வை நின்றது. தெரிந்தவர்களைப் பார்க்கிற பார்வை. பிறகு, எதிரில் நிற்கும் ஒருவர் குனிந்தால் இறங்குகிற மாதிரி, அந்தப் பார்வை மெல்லக் கீழே இறங்கி, அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

பாக்கியம் முறத்தை விடவில்லை.

நூல் நின்றது. முறத்தில் ஒரு சாண் துண்டு கிடந்தது. பிய்த்துப் போட்டது.

கட்டுவாளா மாட்டாளா என்று அவள் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என் கையில் முறத்தைக் கொடுத்துவிட்டு, மற்ற எல்லா வீட்டு நூலுக்கும் பக்கத்தில் அதையும் பிள்ளை மணிக்கட்டில் கட்டினாள். இரண்டு முடிச்சுப் போட்டாள். பிறகு படியிலிருந்து இறங்கினாள். நான் நின்ற இடத்தில் கல்லும் இல்லை, படியும் இல்லை, மண்தான் இருந்தது.

சாயங்காலம் பிச்சாயிக்கு உடம்பு குளிர்ந்தது. முதல் தடவையாக உதடு நடுங்கி, லயமே கேட்கும்படி வீரிட்டு அழுதாள். முத்தையா பதறிப்போய் டிஸ்பென்சரிக்கு ஓடப் புறப்பட்டார். மீனாட்சி வாசலில் வந்து நின்றாள். பேரனைப் பறிகொடுத்தவள். பிறகு உள்ளே வந்து பாக்கியத்தின் கையிலிருந்து பிள்ளையை வாங்கி, தன் சேலைக்குள் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, பிள்ளைக்குக் குளிருது. எல்லாப் பிள்ளைக்கும்தான் குளிரும்" என்றாள்.

பாக்கியம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பிச்சாயிக்கு அதற்குப் பிறகு எல்லாம் வந்தது. இருமல், அம்மை, காய்ச்சல், வயசுக்கு வந்தபின் ரோஷம். எல்லாம் வந்து எல்லாம் போனது. பாக்கியம் தன் பேத்தியைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினாள்.

இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை வீட்டில் சொல்வீர்கள், பஸ்ஸில் சொல்வீர்கள். சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அந்தக் கைக்கு வளையல் மாட்டாதீர்கள், எலும்பாகவும் ஆக்காதீர்கள். போன மூன்று பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். எங்கள் லயத்திலேயே சிலர் அப்படிச் சொல்லத் தொடங்கியபோது பாக்கியம் நெஞ்சு வெடித்துப்போனாள். நூலைச் சுற்றிக்கொண்டது யார் என்று கேட்டால், தெய்வானை நிமிர்ந்து பார்க்கவில்லையாம் என்று சொல்லுங்கள். பார்த்தவள் ஒருத்திதான். அவளுக்கு அப்போது பேச்சு வரவில்லை.